மின்னஞ்சல் இணைப்புக் கோப்புகளுக்கு விதி வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிறுவனத்தில் மின்னஞ்சல் இணைப்புகளுக்கு விதி எழுத உட்காருபவர் பெரும்பாலும் தடுக்க வேண்டிய கோப்பு வகைகளின் பட்டியலில்தான் தொடங்குகிறார். எந்தப் பிரிவினர் எந்தக் கோப்பை யாருக்கு, எதற்காக அனுப்புகிறார்கள் என்ற விசாரணை பிறகு வருகிறது. பல இடங்களில் வருவதே இல்லை. விதிகள் தோற்பதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மாத இறுதியில் தணிக்கையாளருக்குப் போக வேண்டிய கோப்பு திரும்பி வந்துவிட்டால், கணக்குப் பிரிவு ஊழியர் வேலையை அப்படியே விட்டுவிடுவதில்லை. சொந்த ஜிமெயில் வழியாகவோ வாட்ஸ்அப்பிலோ அதை அனுப்பி வைக்கிறார். நிறுவனத்தின் பதிவுகள் எதிலும் தடயமின்றி அந்தக் கோப்பு வெளியே போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு தடையை எழுதும்போதும், அந்த வேலையை முடிப்பதற்கு நிறுவனம் தரும் வழி எது என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.

அளவு வரம்பை நிர்ணயிப்பதில் ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நேர்கிறது. மின்னஞ்சலில் போகும் கோப்பு பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்துகளாவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகப் பெருகுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் ஒரு மின்னஞ்சலுக்கு இயல்பாக உள்ள வரம்பு 10240000 பைட், அதாவது சுமார் பத்து எம்பி. ஊழியர்களிடம் ‘பத்து எம்பி வரை அனுப்பலாம்’ என்று அறிவித்துவிட்டால், எட்டு எம்பி கோப்பே திரும்பி வரும்போது அவர்கள் குழம்பிப் போவார்கள். உண்மையில் அனுப்ப முடிந்த அளவையே அறிவிப்பில் குறிப்பிட வேண்டும்.

கோப்பின் பெயரை நம்பித் தடுப்பது இதைவிட ஆபத்தான தவறு. 2000ஆம் ஆண்டு மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து பரவத் தொடங்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்ற பெயரில் வந்தது. கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி எக்ஸ்டென்ஷனை (இங்கே ‘விபிஎஸ்’) விண்டோஸ் மறைத்துக் காட்டியதால், பெற்றவர்கள் அதைச் சாதாரண உரைக் கோப்பு என்று எண்ணித் திறந்தார்கள். பெயரை யாரும் மாற்றிவிடலாம் என்பதால், மின்னஞ்சல்களைச் சோதிக்கும் ஃபில்டர் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையை முடிவு செய்ய வேண்டும்: விண்டோஸில் இயங்கும் நிரல் ‘எம்இசட்’ என்ற இரண்டு எழுத்துகளுடனும், ஜிப் கோப்பு ‘பிகே’ என்பதுடனும் தொடங்கும். இன்றைய வேர்டு, எக்ஸெல் கோப்புகளும் உள்ளே ஜிப்பாகவே இருப்பதால் முதல் இரண்டு எழுத்துகளோடு சோதனை நின்றுவிடக் கூடாது.

ஒருமுறை எழுதிய பட்டியலை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவதும் தவறு. இணையத்திலிருந்து வரும் ஆபிஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (உள்ளே பொதிந்த சிறு நிரல்களை) 2022இல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும், தாக்குபவர்கள் ஐஎஸ்ஓ (வட்டின் நகல்), எல்என்கே (ஷார்ட்கட்) கோப்புகளுக்கு மாறினார்கள். 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பேட்டு மென்பொருளான ஒன்நோட்டின் கோப்புகளும் அந்த வேலைக்குப் பயன்பட்டன. பழைய பட்டியல்கள் பலவற்றில் ஒன்நோட் இருக்கவே இல்லை. தடுக்க வேண்டியவற்றைத் துரத்திக்கொண்டு போவதைவிட, ஒவ்வொரு பிரிவுக்கும் தேவையானவற்றை மட்டும் அனுமதிப்பது எளிது.

கடவுச்சொல் இட்ட ஜிப் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பற்றி ஜப்பானின் அனுபவம் தெளிவாகப் பேசுகிறது. பூட்டிய ஜிப்பை ஒரு மின்னஞ்சலிலும் அதன் கடவுச்சொல்லை அடுத்த மின்னஞ்சலிலும் அனுப்புவது அங்கே அலுவலக மரபாகவே வேரூன்றியிருந்தது. இரண்டும் ஒரே பெட்டிக்கு வருவதால், அதைக் களவாடியவருக்குப் பூட்டும் சாவியும் சேர்ந்தே கிடைக்கின்றன. அதோடு பூட்டிய கோப்பின் உள்ளே ஃபில்டரால் பார்க்க முடியாது. 2020இல் எமோடெட் தீநிரல் பூட்டிய ஜிப் வழியாகவும் நுழைந்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஜிட்டல் சீர்திருத்த அமைச்சர் ஹிராய் தகுயா, அமைச்சரவை அலுவலகத்தில் இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

உள்ளே வருவதை மட்டும் கண்காணித்து, வெளியே போவதைக் கவனியாமல் விடுவோரும் உண்டு. லண்டனின் கென்சிங்டன் – செல்சி மாநகராட்சி, காலியாகக் கிடந்த வீடுகள் பற்றிய தகவல் கேட்ட பத்திரிகையாளர்களுக்கு ஓர் எக்ஸெல் கோப்பை அனுப்பியது. மொத்த எண்ணிக்கைகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும், அதிலிருந்த பிவட் டேபிள் என்ற சுருக்க அட்டவணைக்குப் பின்னால் 943 உரிமையாளர்களின் விவரங்கள் இருந்தன. 2018இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் 120,000 பவுண்டு அபராதம் விதித்தார். சுருக்க அட்டவணைகளை மதிப்புகளாக மட்டும் புதிய கோப்பில் ஒட்டியோ பிடிஎஃப் ஆக்கியோ அனுப்ப வேண்டும் என்ற ஒரே விதி இதைத் தடுத்திருக்கும்.

விதிவிலக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயர் அதிகாரி கேட்டதற்காக ஒருநாள் திறந்த கதவு எவரும் மூடாமல் கிடக்கும். பெயர், காரணம், முடிவு தேதி ஆகிய மூன்றும் இல்லாத விதிவிலக்கு எதையும் ஏற்கக் கூடாது. இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவையும் கணக்கில் கொள்ள வேண்டும்: லாக் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும்.

தடுக்கப்பட்ட கோப்பைப் பற்றி ஊழியருக்குப் போகும் அறிவிப்பை மென்பொருள் தந்த ஆங்கில வாசகத்திலேயே விட்டுவிடாதீர்கள். எந்தக் கோப்பு, எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டது, அதை விடுவிக்க எந்த எண்ணில் யாரை அழைக்க வேண்டும், விடுமுறை நாளில் அந்தப் பொறுப்பு யாருடையது என்பவை அதில் இருக்க வேண்டும்.