வாட்ஸை மட்டும் பார்த்து பாக்ஸ் வாங்காதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் சேலம் முழுக்க மைக் செட்தான். கோட்டை மாரியம்மன் பண்டிகை ஒரு பக்கம், தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோயில்கள் இன்னொரு பக்கம். ஆனி மாதமே புது ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்ஸ்ங்கண்ணா?" தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மின்சக்தியை ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் வாட்ஸ் சொல்லும். எவ்வளவு சத்தம் வரும் என்பதற்கு சென்சிட்டிவிட்டியைப் பார்க்க வேண்டும். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) வருகிறது என்ற எண் அது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். சரி, ஒரு பாக்ஸ் 96 டெசிபல், 400 வாட்ஸ். இன்னொன்று 99 டெசிபல், 200 வாட்ஸ். கணக்குப் போட்டால் இரண்டும் 122 டெசிபலில்தான் வந்து நிற்கும். ஆனால் இரண்டாவதுக்குப் பாதி ஆம்ப் போதும், ஜெனரேட்டருக்கும் சுமை குறைவு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதால், 32 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்த 122 வெறும் 92 ஆகிவிடும். அதுவும் காகிதக் கணக்குதான். மணிக்கணக்கில் ஓடி வாய்ஸ் காயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், சூடேறினால் இன்னும் இறங்கும்.

இந்த எண்ணிலும் ஒரு வழுக்கல் உண்டு. "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று போட்டிருந்தால் ஓம்ஸையும், அதாவது ஸ்பீக்கரின் மின்தடையையும், பாருங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம்ஸுக்கு அதுவே 2 வாட். சும்மா 3 டெசிபல் கூடிக் காட்டும்.

அதே மாதிரி, 250 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) பாக்ஸையே புரோகிராம் (ஏறி இறங்கும் பாட்டுக்கான அளவு) 500, பீக் (ஒரு நொடிப்பொழுது உச்சம்) 1000 என்றும் எழுதலாம். ஆர்எம்எஸ்ஸை ஆர்எம்எஸ்ஸோடுதான் ஒப்பிட வேண்டும். பிஎம்பிஓ என்று ஒரு பெரிய வாட்ஸ் எண் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது.

அப்புறம் ஃப்ரீக்வென்சி, அதாவது கனமான பேஸ் முதல் கீச்சொலி வரை பாக்ஸ் எதையெல்லாம் பாடும் என்பது. "45 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை" என்று மட்டும் போட்டிருந்தால் அது அரை விவரம். கூடவே பிளஸ் மைனஸ் 3 டெசிபல் என்று, அதாவது சத்தம் அதற்குள்தான் ஏறி இறங்கும் என்று, இருக்கிறதா? மைனஸ் 10 டெசிபல் என்றால், அந்த 45 ஹெர்ட்ஸில் வருவது நடுச் சத்தத்தின் பத்தில் ஒரு பங்கு சக்திதான். பிளஸ் மைனஸ் 3 போட்டு 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லும் பாக்ஸ் அதைவிட நன்றாகவே அடிக்கலாம். தவிலின் தொப்பிப் பக்கம் விழும் கனமான அடி நெஞ்சில் உரைக்கிறதா, வெறும் தட்டலாகக் கேட்கிறதா என்பதில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபரைத் தரையில் வைத்து அளந்தார்களா என்றும் கேளுங்கள். தரையே 6 டெசிபல் வரை கூட்டிக் கொடுக்கும்.

இரண்டு பாக்ஸுக்கு நடுவே மனசு ஊசலாடினால், கடை ஹாலில் வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே சுவரும் சேர்ந்து பாடும். போஸ் மைதானம் மாதிரி வெட்டவெளியில், ஒரே ஆம்ப், ஒரே பாட்டு போட்டு, கடைசி வரிசை வரும் இடம் வரைக்கும் நடந்து போய்க் கேளுங்கள்.