மதுரையில் வீடு தேடிப்போய் கார் கழுவும் தொழில்: மெஷினுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பிரஷர் வாஷர் விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். மதுரையில் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிய கறுப்புக் காரை வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அது சுண்ணாம்புப் படிவு, ஷாம்பூவுக்கு மசியாது. புதுப் புள்ளி என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், சூடு ஆறிய பெயின்ட் மேல் ஒற்றி, ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம். பெயின்ட்டை அரித்துவிட்ட பழைய புள்ளிக்குப் பாலிஷ்தான் வழி.

ஆகவே தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 500-க்கு மேல் காட்டும் தண்ணீரை அழுக்கு இறக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர், 20 லிட்டர் கேனில் பாதி ஒரு காருக்குப் போதும். கையால் பம்ப் அடிக்கும் 5 லிட்டர் மருந்துத் தெளிப்பானில் ஊற்றி, கூரையிலிருந்து கீழே இறக்கினால் வீணாகாது. தெளிப்பான் புதிதாக இருக்கட்டும். செடிக்கு மருந்தடித்தது வேண்டாம்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் தள்ளும் வாஷர் 10 நிமிடம் ஓடினால் 60 லிட்டர். ஷாம்பூவுக்கு ஒன்று, துணி அலச ஒன்று என்று வாளி இரண்டுக்கும் 30. ஆக, 300 லிட்டர் தொட்டியில் மூன்று கார். 500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே அரை டன். அதற்கு மாருதி ஆம்னி வேன் சரிவராது, சின்ன யானைதான் (டாடா ஏஸ்). பாதித் தொட்டியோடு காளவாசல் நெரிசலில் பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னால் வந்து மோதும். பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

வாஷர் 1,500 முதல் 1,800 வாட், அழுத்தம் 100 பாருக்கு மேல் இருந்தால் போதும். தொட்டியிலிருந்து தானே உறிஞ்சும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் காற்று அடைத்துக்கொண்டு பம்ப் வறண்டு ஓடும், சீல் போகும். உறிஞ்சும் குழாயின் வாயில் ஃபில்டர் கட்டாயம். 20 மீட்டர் ஒயர் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும், மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். ஈரத்தில் நின்று செய்கிற வேலை, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

சக்கரம் முதலில், அதற்கெனத் தனித் துணி. பிறகு 40 டிகிரி நாசிலில் ஓரடி தள்ளி நின்று மண்ணை இறக்குங்கள். மேலூர் பக்கம் கிரானைட் தூசி படிந்த வண்டியை உலர்ந்தபடி துடைத்தால் அத்தனையும் கோடு. நுரை 3 நிமிடம் ஊறலாம், காயக் கூடாது. சித்திரை வெயிலில் பத்து மணிக்குமேல் பானெட்டில் கை வைக்க முடியாது. காலையில் இரண்டு கார், மாலை நாலு மணிக்குமேல் ஒரு கார் என்று வைத்துக்கொள்வதே புத்தி. காரைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை ஃபேப்ரிக் கண்டிஷனரில் அலசினால் பிறகு ஈரத்தை உறிஞ்சாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் வண்டிகளில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும். சுரண்டாதீர்கள். ஈரத் துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டு, ஊறியபின் ஒற்றி எடுங்கள். எந்த வண்டியானாலும் தண்ணீர் படுவதற்கு முன்பே உரிமையாளரோடு ஒரு சுற்று வந்து, இருக்கும் கீறல்களை போட்டோ எடுத்துவிடுங்கள்.