கிளினிக் வரிசையைச் சீராக்க ஒரு கொப்பி, ஒரு பென்சில்

விடிய முதல் பஸ்ஸில் மூதூரிலிருந்து வந்த அம்மா பதினொரு மணிக்கும் வாங்கில் இருக்கிறார். பிந்தி வந்தவர் மருந்தோடு வீட்டுக்குப் போகிறார். "மிஸ், எனக்குப் பிறகு வந்த ஆக்கள் எல்லாம் போயிட்டாங்க" என்றால், "இருங்கம்மா, கூப்பிடுவம்" என்போம். திருகோணமலை மாவட்டத்தில் கிளினிக் தாதியாக நின்ற நானும் அதைத்தான் பல வருடம் சொன்னேன். அந்த அம்மாவின் காத்திருப்பு ஒரு நிமிடமும் குறையவில்லை.

முதலில் நேரத்தை எழுதுங்கள். கிளினிக் நாளில் 21 பேரைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவரும் வந்த நேரம், பெயர் கூப்பிட்ட நேரம், டொக்டரிடமிருந்து வெளியே வந்த நேரம், மருந்து கையில் கிடைத்த நேரம் ஆகிய நான்கையும் குறியுங்கள். டொக்டரின் அறையில்தான் தாமதம் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். எழுதிப் பார்த்தால், நேரம் போனது வாசல் மேசையில்.

வருகிறவர்கள் தங்கள் கிளினிக் கொப்பியை அந்த மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்கள். சிற்றூழியர் மேலிருந்து ஒரு கட்டை அள்ளி உள்ளே கொண்டுபோவார். அவ்வளவுதான். முதலில் வந்தவரின் கொப்பி அடியில் கிடக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சிற்றூழியரை மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதனால் ஆளைத் தேடாதீர்கள், வேலை நடக்கிற வழியைப் பாருங்கள்.

அப்புறம் குறிக்கோளைத் தெளிவாக எழுதுங்கள். "சேவையை மேம்படுத்துவோம்" என்று எழுதினால் எதை அளப்பது? "எட்டு மணிக்கு முன் வந்த எவரும் பத்தரைக்குப் பிறகு டொக்டருக்காகக் காத்திருக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள்" என்று எழுதினால் அளக்கலாம்.

மாற்றத்தை ஒரேயொரு நாள், ஒரேயொரு அறைக்கு மட்டும் செய்து பாருங்கள். நாங்கள் வெறும் பிஸ்கட் பெட்டி ஒன்றில் கொப்பிகளை நிமிர்த்தி வைத்தோம்: பின்னால் வைப்பது, முன்னால் எடுப்பது. முதல் நாள் மெல்லிய கொப்பிகள் சரிந்து கலந்துவிட்டன. அடுத்த முறை நடுவில் மட்டை வைத்தோம். அப்போது சிலர் தங்கள் கொப்பியை நைசாக முன்னுக்குச் செருகினார்கள். மூன்றாம் முறை இலக்கத் துண்டும் கொடுத்தோம். திட்டமிடு, செய், பார், திருத்து என்ற சுற்று இதுதான். அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங் 1950இல் ஜப்பானில் நடத்திய விரிவுரைகளுக்குப் பிறகு தொழிற்சாலைகளில் பரவி, பின்னர் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்த முறை. முழு ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் சுற்றறிக்கை அனுப்பியிருந்தால், கொப்பி சரிந்த அன்றே எல்லாரும் கைவிட்டிருப்பார்கள்.

பலன் தெரிய, சதுரக் கோட்டுக் கொப்பியில் கிளினிக் நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். 21 பேரும் டொக்டருக்காகக் காத்திருந்த நிமிடங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக எழுதினால், 11ஆவது எண் அன்றைய புள்ளி. சராசரி எடுக்காதீர்கள், ஒருவர் மிக நீண்ட நேரம் காத்திருந்தாலே அது ஏறிவிடும். மாற்றத்துக்கு முந்தைய பத்துப் புள்ளிகளையும் இதேபோல வரிசைப்படுத்தி, 5ஆவது, 6ஆவது எண்களுக்குச் சரிநடுவில் ஒரு கோடு இழுங்கள். பிறகு தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் மாற்றம் உண்மை. ஒருநாள் குறைந்தது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். மார்கழி மழையில் கூட்டமே குறைவாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டொக்டரிடம் வேகமாகப் போனவர்கள் மருந்தகத்தில் குவிந்தால், காத்திருப்பு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. ஆகவே மருந்தாளரையும் சிற்றூழியரையும் முதல் நாளே கூட்டி இருத்திப் பேசுங்கள். எங்களுக்கு மட்டை யோசனையைத் தந்ததே சிற்றூழியர்தான். பிரதேச செயலகத்தில் சான்றிதழுக்கு நிற்கிற வரிசைக்கும் இதே வழிதான்.

கொப்பியில் நான்கு நிரல்களையும் முந்தின நாள் பின்னேரமே கோடு போட்டு வையுங்கள். காலையில் கூட்டம் வந்த பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.