ரத்தவியலும் புற்றுநோய் மருத்துவமும்: பயிற்சியில் எங்கே சறுக்குகிறோம்?

எம்.டி. முடித்து, உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். ரேங்க் கைக்கு வந்ததுமே முதல் தவறு நடந்துவிடுகிறது. ரத்தவியலும் புற்றுநோய் மருத்துவமும் ஏறக்குறைய ஒன்றுதானே, எது கிடைத்தாலும் சரி என்று கவுன்சலிங்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் அப்படி நினைத்தால் பெரிய நஷ்டமில்லை. அங்கே மூன்றாண்டுப் பொது மருத்துவப் பயிற்சிக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து மூன்றாண்டில் படிப்பதுதான் வழக்கம். நம் நாட்டில் உயர்சிறப்புப் பட்டமான டி.எம்.மில் மெடிக்கல் ஆன்காலஜி (புற்றுநோய் மருத்துவம்) வேறு, கிளினிக்கல் ஹெமட்டாலஜி (ரத்தவியல்) வேறு.

முன்னதில் லுக்கிமியாவும் (ரத்தப் புற்றுநோய்) லிம்போமாவும் (நிணநீர் நெறிகளின் புற்றுநோய்) உண்டு என்றாலும், மார்பகம், நுரையீரல், இரைப்பை என்று கட்டிகளோடுதான் அதிக நேரம் போகும். பின்னதில் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை), ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்), ஏபிளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை அணுக்களை உருவாக்காமல் போவது) என்று புற்றுநோயே இல்லாதவர்கள் ஏராளம். ஹீமோஃபிலியா உள்ள சிறுவன் ஆறு வயதில் வருவான், அறுபது வயதிலும் உங்களிடமே வருவான். இந்த நீண்ட உறவு பிடிக்குமா என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

இடத்துக்கும் ஒரு குணம் உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954-இல் தொடங்கியது, 1984-இலேயே டி.எம். படிப்பு நடத்த ஆரம்பித்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல், இரண்டு நாள் வார்டில் நின்று இப்போது படிப்பவர்களிடம் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மேரோ (எலும்பு மஜ்ஜையை ஊசியால் எடுக்கும் பரிசோதனை) உங்கள் கையால் செய்கிறீர்கள்? ஸ்லைடை யார் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு "லேப்ல பார்த்துடுவாங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டே வகை என்பது என் கணிப்பு. பொறுக்க வேண்டிய இடத்தில் ஓடுவது, ஓட வேண்டிய இடத்தில் பொறுப்பது.

ஓடுவதைப் பார்ப்போம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) என்று ரத்தத்தின் மூன்று வகை அணுக்களும் குறைந்த நோயாளி வருகிறார். புதிதாகச் சேர்ந்தவர் மனதில் உடனே லுக்கிமியா. கை மேரோ ஊசியைத் தேடும். ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்துளியை, ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் பெருத்த சிவப்பணுக்களும், ஆறேழு மடல்களாகப் பிரிந்த உட்கருவோடு நியூட்ரோஃபில்களும் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்) தெரிந்திருக்கும். பி12 குறைபாடு. நம் ஊரில் இது அபூர்வமே அல்ல. தட்டணு 20,000 என்று ரிப்போர்ட் வந்ததும் இரண்டு யூனிட் ஏற்றச் சொல்வதும் இதே கதைதான். சில பேருக்கு ஈ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமலிருக்க அந்த வேதிப்பொருள் சேர்த்தது) தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் எண்ணாமல் விட்டுவிடும். ஸ்மியரில் கொத்துக் கொத்தாக இருப்பது தெரியும். வேறு வேதிப்பொருளான சிட்ரேட் உள்ள குழாயில் திரும்ப எடுத்தால் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ரத்தம் ஏற்றிவிட்டு, அப்புறம் தலசீமியா பரிசோதனைக்குச் சாம்பிள் அனுப்புவது இன்னொன்று. ஏற்றியது யாரோ கொடுத்த ரத்தம். ரிப்போர்ட்டில் பாதி அவருடையதாக இருக்கும். முதலாண்டில் நானும் இதைச் செய்தேன். அந்தக் குழந்தையின் குடும்பம் மூன்று மாதம் கழித்து, ஒரே ஒரு பரிசோதனைக்காக, இரண்டு பஸ் மாறித் திரும்ப வந்தது. சாம்பிள் முதலில், பாட்டில் பிறகு.

லிம்போமாவாக இருக்கக்கூடிய கழுத்து நெறிக்கட்டியின் கதை எல்லோருக்கும் தெரியும். ஊசி போட்டு எடுத்த சில செல்களை மட்டும் பார்த்துவிட்டு காசநோய் மருந்து ஆறு மாதம். அல்லது மூச்சு முட்டுகிறதே என்று ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் லிம்போமா கட்டி கரைந்துவிடும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், பயாப்சியில் ஒன்றும் கிடைக்காது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, முழு நெறியையும் வெட்டியெடுத்துப் பார்க்கும் வரை ஸ்டீராய்டைத் தொடாதீர்கள்.

இப்போது ஓட வேண்டிய இடம். ஈறில் ரத்தக்கசிவு, உடம்பெல்லாம் கன்றிய திட்டுகள், ஸ்மியரில் புரோமைலோசைட்டுகள் (முதிராத வெள்ளையணுக்கள்). அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கிமியா என்று சந்தேகம் வந்த நிமிடமே அதற்கான மருந்தான ஏட்ரா மாத்திரை கொடுக்க வேண்டும். மரபணு ரிப்போர்ட் வரட்டும் என்று இருப்பது ஒழுங்கான மருத்துவம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் மூளையில் ரத்தம் கசிந்துவிடலாம். ரிப்போர்ட் வேறாக வந்தால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம். சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்கும் லுக்கிமியா இது. முதல் சில நாள்களைத் தாண்டுவதுதான் பாடு.

கீமோவுக்குப் பின் வரும் காய்ச்சலும் அப்படித்தான். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனவருக்கு சீழ் பிடிக்காது, ஏனென்றால் சீழாக ஆவதே அந்த அணுக்கள்தான். எக்ஸ்ரே தெளிவாக இருக்கும், ஆளும் உட்கார்ந்து பேசுவார், மாலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கிருமியைக் கண்டறிய ரத்தக் கல்ச்சர் எடுங்கள், முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காதீர்கள், ஓ.பி. வரிசையிலும் நிற்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அடுத்தது கைத்தவறு. இதைச் சுருக்கிச் சொல்ல மனமில்லை. 2001 ஜனவரியில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், லுக்கிமியா கட்டுக்குள் வந்திருந்த 18 வயது இளைஞருக்கு முதுகுத்தண்டு வழியே சைட்டரபின் என்ற கீமோ மருந்து போட வேண்டியிருந்தது. சிரை வழியாக மட்டுமே ஏற்றக்கூடிய இன்னொரு கீமோ மருந்தான வின்கிரிஸ்டினும் அதே நேரத்தில் படுக்கைக்கு வந்தது, அதுவும் சிரிஞ்சில். பயிற்சியில் இருந்த இரண்டு மருத்துவர்கள். மூத்தவர் அந்த வேலைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வின்கிரிஸ்டினும் முதுகுத்தண்டுக்குள் போய்விட்டது. சில வாரங்களில் அந்த இளைஞர் இறந்துபோனார். இந்தத் தவறு நடந்தால் பிழைப்பவர் அரிது. இதே தவறு உலகில் அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, பின்பும் நடந்திருக்கிறது.

"கவனமாக இருங்கள்" என்று பயிற்சியாளரிடம் சொல்வதால் இது நிற்காது. இரவு டியூட்டியில் கண் எரியும்போது கவனம் எங்கிருந்து வரும்? வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கரைத்துத் தரும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் பரிந்துரைத்தது. பையிலிருந்து சொட்டும் மருந்தை யாரும் தவறி முதுகில் குத்த முடியாது. நீங்கள் சேர்ந்த வார்டில் இன்னும் சிரிஞ்சில்தான் வருகிறது என்றால், முதல் வாரமே கேள்வி கேளுங்கள். புதியவர் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் வரும். கேளுங்கள்.

லிம்போமா மருந்தான ரிட்டுக்ஸிமாப் தொடங்கும் முன், அது தூண்டிவிடக்கூடிய ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறதா என்று பார்க்க மறப்பது, இளைஞருக்குக் கீமோ போடும் முன் விந்தணு சேமிப்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது — இவற்றுக்குச் செக்லிஸ்ட் போதும்.

வலிக்குச் செக்லிஸ்ட் போதாது. நீலகிரியில் பழங்குடி மக்களிடையே, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும் சிக்கிள் செல் நோய் இருக்கிறது. நெருக்கடி வரும்போது எலும்பே உடைவதுபோல் வலிக்கும். வெளியே காயம் எதுவும் தெரியாது. "அடிக்கடி ஊசி கேட்கிறார், பழக்கமாகிவிட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கெட்டவர் அல்ல, அவருக்கு மார்ஃபின் எழுதிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்கு மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கினார்கள். பயம் மட்டும் போகவில்லை. பயிற்சிக் காலத்திலேயே மூத்தவர் பக்கத்தில் இருக்க அளவு போட்டு எழுதிப் பழகிவிடுங்கள். புற்றுநோயாளிக்கு மாத்திரையாக எழுதினால் அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்கட்டும். மறந்தால் நான்காம் நாள் வயிறு கட்டிக்கொண்டு அவரே மார்ஃபினை நிறுத்திவிடுவார், அடுத்த ஓ.பி.யில் உங்களிடம் சொல்லவும் மாட்டார்.