மீட்டர் ஒன்று சொல்கிறது, தாள் வேறொன்று சொல்கிறது: சர்க்கரை அளவுகளைப் படிப்பது எப்படி?

காலையில் வீட்டு மீட்டர் 5.8 காட்டுகிறது. அதே வாரம் கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 6.6. அந்தச் சோதனைத் தாளிலேயே சற்றுக் கீழே, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6. எதை நம்புவது?

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் மனதுக்குப் பிடித்த எண்ணை வைத்துக்கொள்கிறார்கள், மற்றதை 'மெஷின் சரியில்லை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத குடும்பமே அரிது என்ற நிலையில் இருக்கும் மலேசியத் தமிழர்களான நமக்கு இது ஆபத்தான பழக்கம். மேலே சொன்ன மூன்று எண்களும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். எப்படி என்று பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: அலகைப் பாருங்கள்

மலேசியாவில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. சென்னையிலிருந்து சித்தப்பா போனில் "எனக்கு 126" என்றால் பதற வேண்டாம். 18-ஆல் வகுத்தால் நம் கணக்கில் 7.0. வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளில் பாதி இந்திய அலகில் இருப்பவை, எனவே முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஹெச்பிஏ1சி-யை 18-ஆல் வகுக்கவும் கூடாது, பெருக்கவும் கூடாது. அது விழுக்காடு. சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அதை மீட்டர் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் 1.59-ஆல் பெருக்கி 2.59-ஐக் கழியுங்கள். 7.6 என்றால் சராசரியாக ஏறக்குறைய 9.5 மில்லிமோல்.

இரண்டாம் படி: எந்த நாட்டுக் கோடு?

மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி ஹெச்பிஏ1சி 6.3-ஐத் தொட்டாலே இனிப்புநீர். உலகின் பல இடங்களில் அந்தக் கோடு 6.5. அதனால் 6.4 வந்த ஒருவருக்குக் கோலாலம்பூர் டாக்டர் 'இருக்கிறது' என்றும், வெளிநாட்டு இணையப் பக்கம் 'இன்னும் இல்லை' என்றும் சொல்லும். இங்கே சிகிச்சை பெறுபவர் இங்குள்ள கோட்டைப் பின்பற்றுவதே சரி. வெறும் வயிற்றில் 7.0, குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரம் கழித்து 11.1 ஆகிய கோடுகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டுவதில்லை, இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

மூன்றாம் படி: இரத்தம் எடுத்த சூழ்நிலையை எழுதுங்கள்

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது, உடம்புக்கு என்ன இருந்தது என்று குறியுங்கள். காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும், ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்றும். மூட்டுவலிக்கென்று விற்கும் சில நாட்டு மருந்துகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி ஏதாவது சாப்பிடுகிறவர் என்றால் அதையும் எழுதுங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். விடியற்காலையில் சுரக்கும் சில ஹார்மோன்களால் ஈரல் சர்க்கரையை வெளியே விடும். அதனால் இரவு முழுக்க எதுவும் சாப்பிடாதவருக்கும் காலையில் எண் ஏறலாம். வீட்டில் 6 மணிக்குக் குத்தியதும், அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் நின்று 9 மணிக்குக் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான்காம் படி: மீட்டரைச் சோதியுங்கள்

மாம்பழமோ ஆரஞ்சோ உரித்த கையோடு விரலைக் குத்தினால், தோலில் ஒட்டிய பழச்சாறும் அந்தச் சொட்டு இரத்தத்தில் கலக்கும். எண் எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் இது முழுக்கப் போகாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு குத்துங்கள்.

ஸ்ட்ரிப்புகளுக்கு நம் ஊர் ஈரப்பதம் பெரிய எதிரி. ஒன்றை எடுத்த உடனே டப்பாவை இறுக மூடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மீட்டருக்கு என்று ஒரு தளர்வு உண்டு. அனைத்துலகத் தரத்தின்படி 5.55-க்கு மேல் 15 விழுக்காடு வரை மேலோ கீழோ போகலாம். ஆய்வகத்தில் 6.6 என்றால் மீட்டரில் 5.6 முதல் 7.6 வரை எது வந்தாலும் அது வேலை செய்கிறது என்றுதான் பொருள். ஆக நம் 5.8-க்கும் 6.6-க்கும் சண்டையே இல்லை. சந்தேகம் தீரவில்லையா? அடுத்த முறை கிளினிக்குக்கு மீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றில் நர்ஸ் இரத்தம் எடுக்கும் அதே சில நிமிடங்களில் நீங்களும் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: ஹெச்பிஏ1சி மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?

முக்கியமான இடம் இதுதான். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாட்களில் பட்ட சர்க்கரை எல்லாம் அதில் பதியும், கடைசி ஒரு மாதத்தின் பங்கு அதிகம். காலை 5.8 என்பது நாளின் மிக அமைதியான நேரத்து எண். காலையில் பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும், மதியம் வாழையிலைச் சோறு, இரவு மீண்டும் சோறு என்றால், மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கிறது என்பதை அந்தக் காலை எண் பார்க்கவே இல்லை.

எனவே ஒரு வாரத்துக்குக் காலைச் சோதனைகள் சிலவற்றை விட்டுவிட்டு, அந்த ஸ்ட்ரிப்புகளைச் சாப்பாட்டுக்குச் செலவிடுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்து 2 மணி நேரத்தில் ஒன்று. ஒரு நாள் பசியாறல், இன்னொரு நாள் மதியம், வேறொரு நாள் இரவு. சாப்பாட்டுக்குப் பிறகு 12, 13 என்று வந்தால் 7.6 எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். (இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை இறங்கும் ஆபத்து உள்ளவர்கள் வழக்கமான சோதனைகளை விட வேண்டாம், இவற்றைக் கூடுதலாகச் செய்யுங்கள்.)

சாப்பாட்டுக்குப் பிறகும் எண்கள் நன்றாக இருந்து ஹெச்பிஏ1சி மட்டும் உயர்ந்தால், அல்லது விரலில் 9, 10 வந்து ஹெச்பிஏ1சி 5.7 என்று தாழ்ந்திருந்தால், அப்போது இரத்த அணுவைச் சந்தேகிக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி-யைப் பொய்யாக ஏற்றும். அதிக மாதப்போக்கு உள்ள பெண்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அண்மையில் இரத்தம் இழந்தவர், இரத்தம் ஏற்றிக்கொண்டவர், சிறுநீரகக் கோளாறுக்கு இரத்தம் ஊறும் ஊசி போடுபவர் ஆகியோருக்கு அது பொய்யாக இறங்கலாம். மலேசியாவில் ஹீமோகுளோபினைப் பாதிக்கும் பரம்பரை மாற்றங்களான தலசீமியா மரபும் ஹீமோகுளோபின் ஈ-யும் அரிதல்ல, அவையும் குழப்பும். கர்ப்பிணிகளுக்கும் ஹெச்பிஏ1சி-யை மட்டும் நம்ப முடியாது.

ஆறாம் படி: நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்

அதுவரை மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால் 4-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். எண் மிக உயர்ந்து வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் சேர்ந்தால் 999-ஐ அழையுங்கள்.

டாக்டரிடம் நோட்டை நீட்டி நேராகவே கேளுங்கள்: "என் முழு இரத்த எண்ணிக்கையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாக இருக்கிறதா? இரும்புச்சத்தும் ஹீமோகுளோபின் வகையும் பார்க்க வேண்டுமா? ஹெச்பிஏ1சி எனக்குப் பொருந்தாது என்றால், கடந்த இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும் பிரக்டோசமின் சோதனை செய்யலாமா?"