ஸாம்ப்ல மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகலையா? டேட்டா ஃபோல்டர மட்டும் அழிச்சிடாதீங்க

ராத்திரி பதினோரு மணிக்கு ஸாம்ப் (நம்ம கம்ப்யூட்டர்லயே வெப்சைட் ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர் தொகுப்பு) கன்ட்ரோல் பேனல்ல மைஎஸ்க்யூஎல்ங்குற டேட்டாபேஸுக்கு ஸ்டார்ட் அமுக்குறேன், ரெண்டு செகண்ட் மஞ்சளா இருந்துட்டு அணைஞ்சு போகுது, கீழ சிவப்புல "ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி". அப்பாச்சி (வெப் சர்வர்) பச்சையா உக்காந்து வேடிக்கை பாக்குது. தப்பு என்னோடது தான், முந்தின நாள் ஸ்டாப் பண்ணாம லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டேன்.

1. போர்ட். பேனல்ல வலது பக்கம் இருக்குற நெட்ஸ்டாட் பட்டன அமுக்கி மைஎஸ்க்யூஎல் வழக்கமா உக்காருற 3306 போர்ட்ல வேற யாராவது இருக்காங்களான்னு பாருங்க. மைஎஸ்க்யூஎல்ல தனியா இன்ஸ்டால் பண்ணியிருந்தா அது தான் இருக்கும், விண்டோஸ் சர்வீசஸ்ல போய் அத நிறுத்தி மேனுவல்னு மாத்திடுங்க. சிலர் போர்ட்ட 3307ஆ மாத்தச் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்காது, அப்புறம் பிஹெச்பிமைஅட்மின் (டேட்டாபேஸ ப்ரௌசர்ல பாக்குற டூல்), நம்ம கோட் எல்லாத்துலயும் போய் மாத்தணும்.

2. லாக். லாக்ஸ் பட்டன்ல எரர் லாக்க தொறந்து கடைசி வரிகள மட்டும் படிங்க (நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இருந்தா கண்ணு தப்பிச்சது). "ஏரியா ரெகவரி ஃபெயில்டு"ன்னு இருந்தா டேட்டா ஃபோல்டர்ல ஏரியா லாக்னு ஆரம்பிக்குற ஃபைல்கள வெளிய எடுத்து வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, அதுவே புதுசா போட்டுக்கும். பேனல்ல மைஎஸ்க்யூஎல்னு எழுதியிருந்தாலும் 2015லருந்து உள்ள ஓடுறது மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லருந்து பிரிஞ்சு வந்த டேட்டாபேஸ்), ஏரியாங்குறது அதோட ஸ்டோரேஜ் எஞ்சின்.

3. டேட்டா ஃபோல்டர். எனக்கு மேல உள்ள ரெண்டுமே வேலைக்கு ஆகல. முதல்ல ஸாம்ப்குள்ள இருக்குற மைஎஸ்க்யூஎல் ஃபோல்டர முழுசா டெஸ்க்டாப்புல ஒரு காப்பி போட்டுடுங்க, இத விட்டுட்டு மேல போகாதீங்க. அப்புறம் டேட்டாவ "டேட்டா பழசு"ன்னு பேர் மாத்திட்டு, பக்கத்துல இருக்குற பேக்கப் ஃபோல்டர காப்பி பண்ணி அதுக்கு டேட்டான்னு பேர் வைங்க. பழசுலருந்து நீங்க உருவாக்குன டேட்டாபேஸ் ஃபோல்டர்கள மட்டும் கொண்டு வாங்க. மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஹெச்பிமைஅட்மின் மூணையும் தொடாதீங்க.

இங்க தான் நான் மாட்டுனேன். ஸ்டார்ட் பண்ணேன், பச்சை வந்துச்சு, அப்பாடான்னு பிஹெச்பிமைஅட்மின்ன தொறந்தா இடது பக்கம் என் டேபிள் பேரெல்லாம் வரிசையா இருக்கு, ஆர்டர்ஸ க்ளிக் பண்ணா "டஸ் நாட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்". வயித்துல புளியக் கரைச்சுது. விஷயம் என்னன்னா இன்னோடிபில (டேபிள்கள சேமிக்குற எஞ்சின்) எந்த டேபிள் எங்க இருக்குங்குற கணக்கு ஐபிடேட்டா1ங்குற ஒரே ஃபைல்ல இருக்கு, டேட்டாபேஸ் ஃபோல்டர மட்டும் கொண்டு வந்தா கணக்குப் புத்தகம் இல்லாத கடை மாதிரி தான். அதனால பழைய ஃபோல்டர்லருந்து ஐபிடேட்டா1, கூடவே ஐபி லாக்ஃபைல்னு ஆரம்பிக்குறதையும் எடுத்து ரீப்ளேஸ் பண்ணுங்க. லாக்ஃபைல விட்டா லாக் சீக்வன்ஸ் நம்பர் ஒத்து வரலன்னு தனியா சண்ட போடும். மாத்துறப்ப மைஎஸ்க்யூஎல் ஓடக்கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் மொத வேலையா எக்ஸ்போர்ட் எடுத்துடுங்க. நான் ஹெய்டிஎஸ்க்யூஎல்ங்குற டூல்ல தான் எடுப்பேன், பெரிய டேபிள்னா பிஹெச்பிமைஅட்மின் பாதில நின்னுடும்.

அப்டேட்: இதே மாதிரி பண்ணிட்டு "ஆக்சஸ் டினைடு" வருதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. ரூட்டுக்கு நீங்க வச்ச பாஸ்வேர்ட் பழைய டேட்டாவுக்குள்ள இருந்த மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரோட போயிடுச்சு, பேக்கப்ல இருக்குற ரூட்டுக்கு பாஸ்வேர்டே கிடையாது. பிஹெச்பிமைஅட்மின் கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்ட காலியா விட்டு உள்ள போங்க, அப்புறம் புதுசா வச்சுக்கலாம்.