இரும்பு இழப்பைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைகளில் இலை வாட்டும் விசிறியின் மோட்டாரை டிரைவ் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) போட்டு வேண்டிய வேகத்தில் ஓட்டலாம். அந்த மோட்டாரின் இரும்பு எவ்வளவு மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, மோட்டாரின் உள்ளே அடுக்கியிருக்கும் இரும்புத் தகட்டுக்குக் கொடுத்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் இழப்பு ஒன்றை மட்டும் நம்புவது.

அந்த ஒரே எண்ணுக்குள் தயக்க இழப்பும் (இரும்பின் காந்தத் திசையைத் திரும்பத் திரும்ப மாற்றுவதில் வீணாவது) சுழல் மின்னோட்ட இழப்பும் (மாறும் காந்தப்பாயம் தகட்டுக்குள் தூண்டும் மின்னோட்டத்தால் வீணாவது) கலந்து கிடக்கின்றன. காந்தப்பாய அடர்த்தி மாறாவிட்டால் முதலாவது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் ஏறும்; இரண்டாவது அதன் இருமடிக்கு ஏற்ப ஏறும். கிலோவுக்கு 4 வாட் என்று வைத்துக்கொள்வோம். அது 3+1 ஆகப் பிரிந்தால் 150 ஹெர்ட்ஸில் 18 வாட். 2+2 ஆகப் பிரிந்தால் 24. 50 ஹெர்ட்ஸ் அளவை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சரி, எப்படிப் பிரிப்பது? பாய அடர்த்தியை மாற்றாமல் பல அதிர்வெண்களில் அளந்து, இழப்பை அதிர்வெண்ணால் வகுத்து, கிடை அச்சில் அதிர்வெண்ணை வைத்து வரைபடம் போடுங்கள். கோட்டை நீட்டினால் செங்குத்து அச்சை வெட்டும் இடம் மின்சார அலையின் ஒரு சுற்றுக்கான தயக்க இழப்பு. சாய்வு சுழல் மின்னோட்டத்தின் பங்கு. கோடு வளைந்தால் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். டொமைன் சுவர்கள் (இரும்புக்குள் வெவ்வேறு திசையில் காந்தமான பகுதிகளின் எல்லைகள்) நகர்வதால் வரும் கூடுதல் இழப்பாக இருக்கலாம். இரும்பு இழப்பைப் பிரித்துக் காட்டும் பெர்டோட்டியின் மாதிரியில் அது அதிர்வெண்ணின் 1.5ஆம் அடுக்காக வருகிறது. தயக்க இழப்பு பாய அடர்த்தியைப் பொறுத்து எப்படி ஏறும் என்பதற்கு மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் 1892இல் தந்த 1.6 என்ற அடுக்கையும் அப்படியே போடாதீர்கள். உங்கள் தகட்டின் அளவீட்டிலிருந்தே எடுங்கள்.

அடுத்தது அலைவடிவம். டிரைவ் தருவது தூய சைன் அலை அல்ல. சுழல் மின்னோட்ட இழப்பு பாயத்தின் உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை. பாயம் மாறும் வேகத்தின் இருமடியை ஒரு சுற்று முழுவதும் சராசரி எடுக்க வேண்டும். டிரைவ் சேர்க்கும் பல கிலோஹெர்ட்ஸ் சிற்றலைகளில் பாயம் தகட்டின் நடுவரை முழுதாக ஊடுருவாது. அங்கே தடிமனின் இருமடி வைத்த எளிய சூத்திரம் இழப்பை மிகையாகக் காட்டும்.

தகட்டை வெட்டிய விளிம்பின் அழுத்தத்தால் இழப்பு கூடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மலைக்குளிர் காப்பாற்றும் என்ற நினைப்பு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது, வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறன் குறைவு. சாதாரண மோட்டாருக்குக் குறித்திருக்கும் திறன் செல்லுபடியாவது 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். குளிர்ந்த இரும்பின் மின்தடையும் குறைவு, அதனால் சுழல் மின்னோட்ட இழப்பு சற்றுக் கூடவே செய்யும். விடியற்காலையில் ஓட்டத் தொடங்கியதும் எடுத்த அளவையும், சூடேறியபின் எடுத்ததையும் ஒரே பட்டியலில் கலக்காமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரும்பின் வெப்பநிலையை எழுதி வையுங்கள்.